கல்லைப் படிக்கும் உத்தியோகம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதமும் இலக்கணமும் கற்பித்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அது.

மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுச் சம்பளம் 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்துவரவும் விறகு கொண்டுவரவும் இரண்டு ஆண்கள், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், ஒரு நாவிதர். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம் என இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

இவ்வளவும் நமக்குத் தெரிவது, படிப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்களால்தான்.

1886-இல் சென்னை மாகாண அரசு ஜெர்மானிய அறிஞர் ஹூல்ச்சைக் கல்வெட்டாய்வாளராக நியமித்தது. அவருக்குப் பின் வந்த வெங்கய்யா, திருமுக்கூடலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளை 1904–05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். திருமுக்கூடல் கல்வெட்டு 1915-ஆம் ஆண்டுப் பட்டியலில் 182-ஆம் எண்ணாகப் பதிவானது. பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அதை முழுமையாகப் படித்து, ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார்.

வேலை கல்லைத் தேய்த்துக் கழுவுவதில் தொடங்கும். நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் பதியும்வரை தூரிகையால் அடிப்பார்கள். பிறகு மை ஒற்றினால் கறுப்பின்மேல் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். இதுதான் மைப்படி. படிப்பது அதைவிடக் கடினம். சோழர் காலத் தமிழில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். வடசொல் வருமிடத்தில் கிரந்தம் புகும். கலம், நாழி போன்ற அளவைகளும் காசு என்னும் நாணயமும் பழைய எண் குறிகளும் தெரியாமல் சம்பளக் கணக்கு பிடிபடாது.

படித்ததோடு வரலாற்றாசிரியரின் வேலை முடிவதுமில்லை. டோக்கியோவில் வரலாறு படித்த நொபொரு கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, உதகமண்டலத்தில் இருந்த மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகத்தில் பயின்றார். அவரும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். நிலம் யார் கையில் இருந்தது, அதிகாரி யார், வணிகர் யார் என்பதை ஆயிரக்கணக்கான பெயர்களிலிருந்து வரிசைப்படுத்திப் பார்க்க அது வழி திறந்தது. கராஷிமாவுக்கு 2013-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வரலாற்றுப் பட்டம் என்றால் ஆசிரியர் வேலை, இல்லாவிட்டால் போட்டித் தேர்வு என்றே பல வீடுகளில் பேச்சு. ஆனால் வேறு வழிகளும் உண்டு. 1961-இல் தொடங்கிய தமிழ்நாடு தொல்லியல் துறை, முதுகலை முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு தொல்லியல், கல்வெட்டியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித்துறை உண்டு. தொல்லியல் அலுவலர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தியிருக்கிறது. அருங்காட்சியகங்களுக்குக் காப்பாட்சியர்கள் தேவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குவிந்திருக்கும் கோப்புகளுக்கும் பயிற்சி பெற்ற கண்கள் தேவை.

இந்த இடங்கள் மருத்துவம், பொறியியல் இடங்களைப் போல ஏராளமாக இல்லை என்பது உண்மை. ஆனால் பழந்தமிழ் எழுத்தும் கிரந்தமும் படிக்கத் தெரிந்து, கணினியில் தரவுகளையும் கையாளத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்லூரி மாணவருக்குப் பயிற்சிக்களம் பேருந்து தூரத்திலேயே இருக்கிறது. கல்லூரி வரலாற்றுத் துறைகள் மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவத்தையாவது கல்வெட்டுள்ள கோயில் சுவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.