பெயர் பொறிக்கப்படாத கல்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் சயாம் ரயில்பாதையும்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலய முற்றத்தில் ஒரு கற்சிலுவை நிற்கக் காணலாம். முதல் உலகப் போரில் மாண்ட அவ்வூர் இளைஞர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். உடல் அயல்மண்ணில் கிடக்க, பெயர் மட்டும் ஊர் திரும்பியிருக்கும். இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆநிரை கவர்தலில் பட்ட அந்தவன் என்பானுக்கு உரியது. ஆள், ஊர், இறந்த காரணம் ஆகிய மூன்றும் சில சொற்களில் அடங்கிவிட்டன.

இம்மூன்றையும் மனத்திற்கொண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்தை நோக்குவோம். புக்கிட் மெலாவத்திக் குன்றில் பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் நன்கு பேணப்படுகின்றன. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் உருவாயிற்று. தோட்டத்தின் பெயரே தமிழ் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கொனியே 1930இல் தம் மலாயா நாவலுக்குக் கோன்கூர் பரிசு பெற்றார். துரைக்கு நூலும் புகழும் நின்றன. காடழித்துக் கன்று நட்டவர்களுக்கு எஞ்சியது, பொருள் மறந்துபோன ஒரு தோட்டப் பெயர்.

1942 சனவரியில் ஜப்பானியப் படை கடல்வழியாகக் கோலசிலாங்கூர்க் கரையை அணுகியது. இவ்வட்டாரத்தில் அதனை எதிர்த்து நின்றவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். மலாயாப் போர்முனை உள்ளிட்ட களங்களில் மாண்டு, கல்லறை அறியப்படாமற்போன வீரர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சியில் நினைவுச் சுவர்கள் உண்டு. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

தொழிலாளர் கதை வேறு. 1942க்கும் 1943க்கும் இடையே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடப்பட்டது. இரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் பட்டினி சூழ்ந்த காலம் அது. கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தனர். பின்னர்ப் பிடித்தே ஏற்றினர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000க்கும் மேற்பட்டவர். பெரும்பான்மையோர் தோட்டப்புறத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின.

போர்க்கைதிகளும் அங்கே மாண்டனர். ஆனால் அவர்களோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தவர் பெயரை எழுதி, காவலர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இன்று ஒழுங்காக நிற்பதற்கு அக்குறிப்புகளும் ஒரு காரணம். நம்மவர்க்குப் பேரேடு எழுத எவருமில்லை. ஒரே பாதை, ஒரே நோய். எழுதுவார் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு என்பது எங்கள் கருத்து.

காஞ்சனபுரியில் தமிழ் எழுத்தே இல்லாமற் போகவில்லை. 1944இல் ஜப்பானியப் பொறியியற் படையினர் எழுப்பிய நினைவுத்தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் அஞ்சலி வாசகம் உண்டு. வேலை வாங்கிக் கொன்றவர் எழுதிய இரங்கல் அது! நெடுங்காலம் கழித்து, 2023இல், அந்நகரத்து வாட் தாவோர்ன் பௌத்த விகாரையில் தமிழ்த் தொழிலாளர்க்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. ‘நடுகல்’ என்னும் பழஞ்சொல்லையே அதற்குச் சூட்டியது பொருத்தம். எனினும் அது மாண்டோர் அனைவர்க்கும் பொதுவான கல். தனித்தனிப் பெயரும் ஊரும் எழுத வேண்டிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது.

அவ்விடத்தை நிரப்பும் முயற்சியில் நம் எழுத்தாளர்கள் முந்திக்கொண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் கல்லுக்கு முன்பே வந்தன. ஆயினும் நாவல் பெயர்ப்பட்டியலுக்கு ஈடாகாது. லயங்கள் இடிக்கப்பட்டு, தோட்டங்கள் கைமாறி, பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. இடம்பெயர்ந்த தோட்டக் கோயில்களின் கணக்கேடுகள், பழைய தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், வீட்டுப் பெரியவர்களின் வாய்மொழி ஆகியவற்றில்தான் ஆள், ஊர், காரணம் மூன்றையும் தேட வேண்டியிருக்கிறது. தந்தை லாரியில் ஏறியதைக் கண்ட பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.