மண்ணெண்ணெய் முதல் எல்.இ.டி. வரை: சைக்கிள் விளக்கின் கதை

இரவில் சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். அபராதம் கேட்பார், இல்லையென்றால் டயரில் இருக்கும் காற்றைப் பிடுங்கி விடுவார். தாத்தா காலத்துக் கதைகளில் இது கட்டாயம் வரும். ஆனால் ஆற்காட்டில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு கலவை பக்கம் மிதிக்கிறவருக்கு போலீஸை விடப் பெரிய பயம் ரோட்டில் இருக்கும் பள்ளம்தான். அந்தப் பயத்தைப் போக்க மனிதன் என்னென்ன செய்து பார்த்தான் என்பதே சைக்கிள் விளக்கின் வரலாறு.

எண்ணெயும் கல்லும்

1870களின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் என்பவர் உயரச் சக்கர சைக்கிளுக்கு எண்ணெய் விளக்கு செய்து விற்றார். அது வழி காட்டியது என்பதை விட, ஆள் வருகிறான் என்று காட்டியது என்பதே சரி. பலத்த காற்று அடித்தால் அணையும், குலுங்கினால் புகையும்.

அடுத்து வந்தது கார்பைடு விளக்கு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்களே, அதே கல்தான்! 1892-இல் கால்சியம் கார்பைடை மலிவாகச் செய்யும் வழி கிடைத்தது. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அசிட்டிலீன் வாயு வந்து வெள்ளையாக எரியும். வெளிச்சம் பிரமாதம். நாற்றமும் பிரமாதம். வீட்டுக்கு வந்ததும் சாம்பலைத் தட்டிக் கழுவ வேண்டும். தண்ணீரை மூடினாலும் உடனே அணையாது.

டைனமோ ராஜ்ஜியம்

1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம் சைக்கிள் டயருக்கு வந்து சேர்ந்ததுதான் டைனமோ. டயர் உரச உரச உள்ளே காந்தம் சுற்றும், மின்சாரம் வரும். பொதுவான கணக்கு 6 வோல்ட், 3 வாட். இதில் 2.4 வாட் முன் விளக்குக்கு, 0.6 வாட் பின் விளக்குக்கு. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936-இல் சக்கரத்தின் நடுவிலேயே டைனமோவை வைத்தது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், டைனமோவுக்கு முதலீடு ஒரு தடவைதான். டார்ச் லைட்டுக்கு பேட்டரி செலவு வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நம் ஊர்களில் டைனமோ அவ்வளவு காலம் ஓடியது.

ஆனால் அதன் பலவீனம் என்ன? ஏலகிரியை நினைத்துப் பாருங்கள். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மெதுவாக ஏறும்போது விளக்கு மினுக் மினுக் என்று மங்கும். இறங்கித் தள்ளினால் கிட்டத்தட்ட இருட்டுதான். திரும்பி வேகமாக இறங்கும்போது மின்சாரம் அதிகமாகி பல்பு போகும். ஒரு பல்பு போனால் அதன் பங்கும் சேர்ந்து பாய்ந்து இன்னொன்றும் போகும். அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் வளைவில்தான் விளக்கு கைவிடும்!

சமவெளியிலும் ஆபத்து உண்டு. ஆம்பூரில் இரவு ஷிப்ட் முடிந்து சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடப்பவர் நடுவில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நின்றதும் பின் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். அவர் ரோட்டைப் பார்ப்பதை விட, பின்னால் வரும் லாரிக்காரர் அவரைப் பார்ப்பதே அந்த இடத்தில் முக்கியம். நிற்கும்போதும் எரியும் விளக்குதான் அவருக்கு வேண்டும்.

மலையும் எல்.இ.டி.யும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1976 அக்டோபரில் நடந்த 'ரீபேக்' பந்தயத்தோடு மலை சைக்கிள் விளையாட்டு பேர் பெற்றது. 1992-இல் மேற்கு வர்ஜீனியாவில் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. ராத்திரி முழுவதும் காட்டுப் பாதையில் ஓட்ட வேண்டும். அப்போது ஹாலஜன் பல்பும் கனமான பேட்டரியும்தான் கதி.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று, 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி. இரண்டு, 1990களில் ஜப்பானில் உருவான நீல எல்.இ.டி. அதிலிருந்துதான் வெள்ளை வெளிச்சம் பிறந்தது. அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதை நம்புவது?

இந்த வரலாறு தரும் பாடம் எளிது. ஒவ்வொரு விளக்கும் அதற்கே உரிய ஒரு விதத்தில் அணையும். எண்ணெய் விளக்கு காற்றில், டைனமோ நின்றால், இன்றைய விளக்கு சார்ஜ் தீர்ந்தால். எனவே பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. முழு வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும், மழை தாங்குமா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும்.

மலைக்கு இரண்டு விளக்குகள் நல்லது. ஹேண்டில்பாரில் ஒன்று. அது தாழ்வாக இருப்பதால் கல்லின் நிழல் விழுந்து மேடு பள்ளம் தெரியும். ஹெல்மெட்டில் ஒன்று. வளைவில் தலை திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும். முக்கியமாக, ஒன்று அணைந்தாலும் மற்றொன்று இருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு மலைக்கும் ரோட்டுக்கும் பொது.

போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிய காலம் போய்விட்டது. பள்ளமும் லாரியும் அப்படியே இருக்கின்றன.