வெந்நீரைத் தேடிய இயந்திரம்

நெய் தோய்ந்த பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் துலக்கினால் என்ன நேர்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எத்தனை தேய்த்தாலும் பிசுக்குப் போவதில்லை. அதே பாத்திரத்தில் சிறிது வெந்நீரை ஊற்றுங்கள். நெய் உருகி நீரின் மேல் மிதந்து வந்துவிடும். அடுக்களையில் அன்றாடம் காணும் இந்த எளிய உண்மையே, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வரலாற்றையும் நடத்திச் சென்றிருக்கிறது. பாத்திரத்தின் மீது நீரை வீசியடிக்கும் வழியை மனிதர் விரைவில் கண்டறிந்தனர். அந்த நீரைச் சூடாகப் பெறுவதற்கும், சூடு தணியாமல் காப்பதற்கும்தான் நெடுங்காலம் பிடித்தது.

கைப்பிடி சுழன்ற காலம்

1850-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜோயல் ஹாட்டன் என்பவர், பாத்திரம் கழுவும் மரக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் பாத்திரங்களின் மீது நீர் தெறிக்கும். ஆனால் அழுக்கு சரியாகப் போகவில்லை.

பயன்தரத்தக்க முதல் இயந்திரத்தை அமைத்தவர் ஒரு பெண்மணி. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்பவரே அவர். விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைவதைத் தடுக்கவே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். 1883-இல் கணவர் கடன்களை விட்டுவிட்டு இறந்தபின், இம்முயற்சி அவருடைய பிழைப்புக்கான வழியாகவும் ஆயிற்று. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி அவருக்குத் துணைநின்றார். தட்டு, கோப்பை ஒவ்வொன்றின் அளவுக்கும் ஏற்பக் கம்பிக் கூடுகள் செய்து, அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செப்புக் கொதிகலனுக்குள் சுழலவிட்டார். அடியிலிருந்து சூடான சோப்பு நீர் பீறிட்டு அடித்தது. 1886 டிசம்பர் 28-இல் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசும் பெற்றது.

எனினும் அந்த இயந்திரத்தை வாங்கியவர்கள் யார் தெரியுமா? இல்லத்தரசிகள் அல்லர், உணவு விடுதிகளே வாங்கின. விலை ஒரு காரணம். மற்றொரு முக்கியக் காரணம் வெந்நீர். விடுதிகளில் பெரிய கொதிகலன்கள் இருந்தன. சாதாரண வீடுகளிலோ, அந்த இயந்திரத்துக்குப் போதுமான அளவு வெந்நீர் கிடைக்கவில்லை. வீட்டுப் பெண்ணின் சுமையைக் குறைத்திருக்கக்கூடிய கருவி, வெந்நீர் இல்லாத காரணத்தால் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது!

வீட்டுக்குள் வந்த வெந்நீர்

லண்டனில் 1868-இல் பெஞ்சமின் மாகன் என்பவர் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்து, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைந்து அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். இன்று நம் குளியலறைகளிலும் வழங்கும் சொல் அது. 1889-இல் எட்வின் ரூட் அமெரிக்காவில் தானியங்கி வெந்நீர்க் கலனை உருவாக்கினார். ஆனால் இவை எல்லா வீடுகளையும் எட்டவில்லை. 1940-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குழாயில் வெந்நீரும் தண்ணீரும், குளிக்கும் வசதி, நீர்க்கழிப்பறை ஆகிய அனைத்தும் அமைந்த வீடுகள் அமெரிக்காவில்கூடப் பாதிக்குச் சற்றே மேல்தான் இருந்தன.

இதற்கிடையே இயந்திரம் வளர்ந்துகொண்டிருந்தது. 1924-இல் இங்கிலாந்தின் வில்லியம் லிவன்ஸ், முன்பக்கக் கதவும் சுழலும் நீர்த்தெளிப்பானும் உடைய வீட்டுக் கருவியை வடிவமைத்தார். 1929-இல் ஜெர்மனியின் மீலே நிறுவனம் மின்சாரக் கருவியை வெளியிட்டது. காக்ரேனின் நிறுவனத்தை 1926-இல் ஹோபார்ட் நிறுவனம் வாங்கியது. அதன் கிச்சன்எய்ட் வீட்டுக் கருவி 1949-இல் வந்தது. அதற்குள் பல வீடுகளில் வெந்நீர்க் குழாய் வந்துவிட்டது. இனி என்ன கவலை, குழாயைத் திறந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

ஒரு முறை நிரப்ப 10 லிட்டர் நீர் தேவை என்று கொள்வோம். அது 60 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வருகிறது. உள்ளே 10 கிலோ பீங்கானும், இயந்திரத்தின் பாகங்களாக 15 கிலோ எஃகும் 20 டிகிரியில் இருக்கின்றன. 1 கிலோ நீரை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வெப்பம் வேண்டும், பீங்கானுக்கு 0.8, எஃகுக்கு 0.5 போதும். அப்படியானால் நீரின் வெப்ப ஏற்புத்திறன் 41.9; மற்றவற்றுக்கு 15.5. சூடான நீர் தன் வெப்பத்தைக் குளிர்ந்த பொருள்களோடு பகிர்ந்துகொண்டபின் எஞ்சும் வெப்பநிலை ஏறத்தாழ 49 டிகிரிதான். கழுவத் தொடங்கும் முன்பே 11 டிகிரி போய்விட்டது!

குழாயில் தேங்கி ஆறிய நீர் முதலில் வருமானால் நிலைமை இன்னும் மோசம். அதனால்தான், சமையலறைக் குழாயைத் திறந்து சூடான நீர் வரும்வரை ஓடவிட்டு, பின்னரே இயந்திரத்தை இயக்குக என்று அமெரிக்க நிறுவனங்கள் அறிவுறுத்தின. முதலில் ஒரு முறை நீரை நிரப்பி அலசி வெளியேற்றுவதிலும் இதே நன்மை உண்டு. அந்த நீர் அழுக்கை மட்டும் நீக்குவதில்லை. பாத்திரங்களுக்குச் சூட்டையும் ஏற்றிவிட்டுச் செல்கிறது.

நீருக்குள் மின்சாரம்

ஆகவே இயந்திரத்துக்குள்ளேயே ஒரு வெப்பமூட்டி வேண்டியதாயிற்று. ஆனால் நீருக்குள் மின்சுருளை எவ்வாறு வைப்பது? 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்ரோம் என்னும் நிக்கல்-குரோமியக் கலவை, செஞ்சூட்டிலும் எளிதில் எரிந்து போகாத கம்பியைத் தந்தது. அக்கம்பிச் சுருளை ஓர் உலோகக் குழாயில் வைத்து, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடுத் தூளை இறுக அடைத்தனர். இத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. பழைய கருவிகளின் அடித்தட்டில் வளையமாகத் தெரிவது இக்குழாய்தான். கழுவும்போது நீரையும், இறுதியில் உள்ளிருக்கும் காற்றையும் அதுவே சூடாக்கியது.

இரு வழிகள்

இங்கே அமெரிக்காவும் ஐரோப்பாவும் பிரிகின்றன. அமெரிக்க வீட்டு மின்சாரம் ஏறத்தாழ 120 வோல்ட். 15 ஆம்பியர் இணைப்பில் 1800 வாட்டுக்கு மேல் எடுக்க இயலாது. மின்னோடிக்கும் அதில் பங்கு வேண்டும். எனவே வெப்பமூட்டி 800 வாட் அளவிலேயே அமைந்தது. நம் கணக்கின்படி இது நிமிடத்துக்கு 1 டிகிரிகூட உயர்த்தாது. வெந்நீர்க் குழாயிலிருந்து நீரைப் பெற்று, அதன் சூடு குறையாமல் காப்பதே இதன் வேலை.

ஐரோப்பாவில் அன்று 220 வோல்ட்டாக இருந்தது. அங்கே 3000 வாட் வரை வெப்பமூட்டி வைக்க முடிந்தது. ஆகையால் குளிர்ந்த நீரையே எடுத்து, உள்ளேயே சூடாக்கினர். அதே நீரையும் பாத்திரங்களையும் 20-இலிருந்து 65 டிகிரிக்கு உயர்த்த, 3000 வாட் கருவிக்கு ஏறத்தாழ 14 நிமிடம் போதும். 800 வாட் கருவிக்கு 54 நிமிடம் ஆகும். வெளியே இழக்கும் வெப்பம் இதில் சேரவில்லை. கடின நீரைச் சூடாக்கினால் வெப்பக் குழலில் சுண்ணாம்பு படியும் அல்லவா? அதனால் ஐரோப்பியக் கருவிகளில் நீரை மென்மையாக்கும் பகுதியையும் உப்பு இடும் அறையையும் சேர்த்தனர்.

காத்திருக்கும் கடிகாரம்

பழைய கருவியின் மூளை, சிறு மின்னோடியால் மெல்லச் சுழலும் நேரங்காட்டி. அதற்கு நிமிடம் தெரியும், வெப்பம் தெரியாது. நீர் ஆறியிருந்தாலும் நேரம் முடிந்ததும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இக்குறையை நீக்கத் தெர்மோஸ்டாட் உதவியது. இரு உலோகங்களை ஒட்டிய தகடு சூடேறும்போது வளைந்து மின்சுற்றைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. நீர் குறித்த சூட்டை அடையும்வரை நேரங்காட்டியின் மின்னோடி நின்றுவிடும். அடைந்ததும் மீண்டும் ஓடும்.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இவ்வமைப்பு மேலும் தேவைப்பட்டது. எரிபொருளைச் சேமிக்க, வீட்டு வெந்நீர்க் கலனை 60 டிகிரியிலிருந்து 49 டிகிரியாகக் குறைக்கும்படி அமெரிக்க மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. வீடு முழுவதற்குமான நீரை மிகச் சூடாக வைப்பதைவிட, வேண்டிய சில லிட்டரை மட்டும் இயந்திரத்துக்குள் சூடாக்குவது சிக்கனம் அல்லவா?

கழுவுதலுக்கு வெப்பம், வேதிப்பொருள், விசை, நேரம் என நான்கு காரணிகள் உண்டு என்று ஜெர்மன் வேதியியலர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் விளக்கினார். ஒன்று குறைந்தால் மற்றவை ஈடுசெய்ய வேண்டும். இன்றைய சிக்கனக் கருவிகள் முழுச் சுற்றுக்கும் சுமார் 10 லிட்டர் நீரையே பயன்படுத்துகின்றன. சூடாக்க வேண்டிய நீர் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் அவை இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகின்றன. வெப்பத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

200 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளரில், 60 டிகிரி வெந்நீரை 200 மில்லிலிட்டர் ஊற்றி, வெப்பமானியால் உடனே அளந்து பாருங்கள். டம்ளர் 30 டிகிரியில் இருந்தால், ஏறத்தாழ 3 டிகிரி குறைந்திருக்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் அதே அளவு வெந்நீரை ஊற்றுங்கள். இம்முறை குறைவு சிறிதாகவே இருக்கும். முதல் நீர் டம்ளருக்கு ஏற்றிவிட்டுச் சென்ற சூடே இதற்குக் காரணம்.