மிஸ் அடிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்: கண்டி மலைப்பாதைகளில் குறை காணும் முறை

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் சீராக ஓடாமல், இடையிடையே வெடிப்புத் தவறித் திக்குவதை ‘மிஸ் அடித்தல்’ என்பர். சேற்றிலும் கல்பாதையிலும் ஓட்டப்படும் நாலுசக்கர க்வாட் வண்டிகளில் இது அடிக்கடி எழும் குறை. க்வாட் வண்டியை ஓட்டியறியாத கண்டிவாசிக்கும் அதன் எஞ்சின் புதிதன்று. ஏறக்குறைய 145 சீசீ கொள்ளளவுள்ள டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகள் நெடுங்காலம் இந்த மலைகளில் ஏறி இறங்கின. அவற்றின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது. தோட்டங்களில் புல் வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் மெஷினும் இன்றும் அதே தத்துவத்தில் இயங்குகின்றன. 1987ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமான யமஹா பான்ஷீ என்ற க்வாட் வண்டியின் 347 சீசீ எஞ்சின், ஆர்டி350எல்சி மோட்டார் சைக்கிளின் எஞ்சினிலிருந்து பிறந்தது. இந்தியாவில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் ஓடிய வண்டியும் இதே குடும்பம்தான். ஆகவே கீழே சொல்லப்படும் குறைகாணும் முறை, சிற்சில வேறுபாடுகளுடன், இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மலைநாட்டில் எஞ்சின் திக்கினால் முதலில் பழி சுமப்பது உயரம். “மேலே காற்று குறைவு, காபரேட்டரை இறுக்கிவிட்டால் சரியாகும்” என்ற தீர்ப்பு, வண்டியைப் பார்க்கும் முன்பே வந்துவிடுகிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதன் அளவு மிகச் சிறியது. கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. காபரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று பாயும்போது உண்டாகும் அழுத்த வேறுபாட்டையே உணர்கிறது. அதனால் காற்று-பெற்றோல் கலவையின் விகிதம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே மாறும். கணக்குப் பார்த்தால், கொழும்பில் சரியாக ஓடிய வண்டியின் கலவையில் கண்டியில் பெற்றோல் கூடுவது ஏறக்குறைய இரண்டரை சதவீதமே. 1,868 மீட்டர் உயரமுள்ள நுவரெலியாவில் அடர்த்தி 17 சதவீதம் குறைகிறது, கலவையில் பெற்றோல் 10 சதவீதமளவு கூடுகிறது. நுவரெலியாவிலேயே ஓடும் வண்டியின் காபரேட்டருக்குச் சிறிய ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் துளை) தேவைப்படலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நேற்றுவரை கண்டியில் நன்றாக ஓடிய எஞ்சின் இன்று திக்கினால் அதற்கு உயரம் காரணமாக முடியாது. மலை நேற்றும் அதே உயரத்தில்தான் இருந்தது.

தவறான தீர்ப்பின் விலை நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைவிட இங்கே பன்மடங்கு அதிகம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் க்ராங்க் கேஸுக்குத் தனி ஒயில் தேக்கம் கிடையாது. பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் மசகு, உள்ளே வரும் கலவையோடு சேர்ந்தே வருகிறது. தொட்டியிலேயே ஒயில் கலக்கும் எஞ்சினில் ஜெட்டைச் சிறிதாக்கினால் பெற்றோலோடு மசகும் குறையும், பிஸ்டனின் சூடும் ஏறும். பெற்றோல் கூடிய கலவை பிளக்கைக் கரியாக்கும், புகை தள்ளும், காசை வீணாக்கும். காற்றுக் கூடிய கலவை பிஸ்டனையே சிலிண்டரோடு பிடிக்க வைத்துவிடும். ஏற்றத்தில் பாதுகாப்பு என்று எண்ணிப் பெற்றோலில் ஒயிலைக் கூட்டுவதும் எதிர்பார்த்த பலனைத் தராது. ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்த ஒயிலை இருபத்தைந்துக்கு ஒன்றாக்கினால், ஜெட் வழியே போகும் திரவத்தில் பெற்றோலின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. அதாவது கண்டியின் உயரம் கூட்டிய பெற்றோலை இந்த ஒயிலே கிட்டத்தட்ட ஈடுசெய்துவிடுகிறது. அதன்மேல் ஜெட்டையும் குறைப்பவர் இரண்டு முறை குறைக்கிறார்.

எனவே முதற்கேள்வி ‘எவ்வளவு திருக வேண்டும்’ என்பதன்று. ‘கலவை எந்தப் பக்கம் பிழைத்திருக்கிறது’ என்பதே. அதற்கும் முன்னால் இது பிழைதானா என்று பார்க்க வேண்டும். அக்ஸலரேட்டரைச் சற்றே திறந்து சமதரையிலோ இறக்கத்திலோ போகும்போது, எரிந்த வாயு முழுவதும் வெளியேறாமல் புதிய கலவையோடு கலந்துவிடும். ஒரு சுற்றில் தீப்பற்றாது, அடுத்த சுற்றில் பற்றும். நல்ல எஞ்சினும் அப்போது திக்கும். அது அதன் இயல்பு. பாரம் ஏறும்போதும் திக்கினால்தான் குறை. எஞ்சின் சூடான பிறகு சோக்கைச் சற்று இழுத்துப் பார்க்கலாம். திக்கல் குறைந்தால் கலவையில் காற்றுக் கூடியிருக்கிறது, மோசமானால் பெற்றோல் கூடியிருக்கிறது. பெற்றோல் டெப்பை மூடி ஓடவிட்டு, நிற்கும் முன் அதே வேகத்தில் சிறிது நேரம் சீராக ஓடுகிறதா என்று பார்ப்பது இதன் மறுபக்கச் சோதனை. சீராக ஓடினால் பெற்றோல் கூடியிருந்தது என்று பொருள். பிளக்கின் நிறமும் சாட்சி சொல்லும். வெளிறிய வெள்ளை ஒருபுறம், ஈரக் கரி மறுபுறம். ஒரே இக்னிஷன் கொயில் இரண்டு பிளக்குகளுக்கும் தீப்பொறி தரும் பான்ஷீ போன்ற இரட்டைச் சிலிண்டர் வண்டியில், ஒரு பிளக் கறுத்தும் மற்றது வெளுத்தும் இருந்தால் இரண்டுக்கும் பொதுவான பாகத்தை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. குறை பெரும்பாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரின் பக்கத்திலேயே இருக்கும்.

காற்றுக் கூடியிருக்கிறது என்று தெரிந்தபின், தேட வேண்டிய இடம் காபரேட்டர் மட்டுமன்று. பலரும் பார்க்காமல் விடுவது க்ராங்க் கேஸை. இந்த எஞ்சினில் க்ராங்க் கேஸ் வெறும் உறையாக இல்லாமல் ஒரு பம்பாகவும் வேலை செய்கிறது. 1891இல் இங்கிலாந்தின் ஜோசப் டே காப்புரிமை கோரிய வடிவமைப்பிலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை. பிஸ்டன் மேலே போகும்போது அது கலவையை உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அமுக்கிச் சிலிண்டருக்கு அனுப்புகிறது. பம்பில் ஓட்டை விழுந்தால் காபரேட்டர் அளக்காத காற்று உள்ளே வரும். காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், கேஸ்கட் ஒழுகலாம், க்ராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஒயில் சீல்கள் தேய்ந்திருக்கலாம். இரண்டு சீலும் ஒரே விதமாக நோயைக் காட்டுவதில்லை. மெக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெறும் காற்று வரும்: ஐட்லிங் தானாக ஏறும், அக்ஸலரேட்டரை விட்டாலும் வேகம் உடனே இறங்காது, பிளக் வெளுக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் பெட்டியின் ஒயில் உள்ளே இழுக்கப்படும்: புகை பெருகும், பிளக் எண்ணெயில் நனையும், கியர் ஒயில் மட்டம் காரணமின்றிக் குறையும். இந்தப் புகையைக் கண்டு ‘பெற்றோல் கூடிவிட்டது’ என்று ஜெட்டைக் குறைப்பதே மிக ஆபத்தான தவறு.

சோதனை கடினமன்று. உள்வழியையும் புகைவழியையும் அடைத்து, கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 இறாத்தல் அழுத்தம் ஏற்றி, சவர்க்கார நீரைத் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி எழும். ஒரு நிமிடத்தில் ஒரு இறாத்தலுக்கு மேல் இறங்கினால் ஒழுக்கு உண்டு. அழுத்தத்தை மிகையாக ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

மழையும் சேறும் தரும் குறைகள் எளியவை. ஆகையால் அவற்றை முதலில் கழித்துவிடலாம். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மழையில் தொட்டிக்குள் நீர் சேர்வது வழமை. காபரேட்டரின் அடிக்கிண்ணத்தை வடித்தால் தெரியும். சேறு அடைத்த தொட்டி மூடியின் காற்றுத் துளை சில நிமிட ஓட்டத்துக்குப் பின் எஞ்சினைப் பட்டினி போடும். மூடியைத் திறந்ததும் உயிர் வந்தால் நோய் அதுவே. நனைந்த ஏர் ஃபில்டர் பெற்றோலைக் கூட்டிக் காட்டும். பிளக் வயரின் வெடிப்புகளில் கசியும் தீப்பொறி இருட்டில் கண்ணுக்கே தெரியும். யமஹா பான்ஷீ, பிளாஸ்டர் வண்டிகளில் வேறொரு காரணமும் உண்டு. அக்ஸலரேட்டரிலிருந்து விரலை எடுத்த பின்னும் காபரேட்டர் மூடாவிட்டால் தீப்பொறியைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு அது. கேபிள் தளர்ந்தாலோ சுவிட்ச் பழுதானாலோ அது பொய்யாக விழித்து எஞ்சினைத் திக்க வைக்கும்.

காது பழகிய மெக்கானிக் பாஸுக்கு இத்தனை சோதனை எதற்கு என்று கேட்கலாம். அனுபவமுள்ள காது மதிக்கத்தக்கது. வெடிப்புத் தவறுகிறது என்பதை அது எந்தக் கருவியையும்விட முந்திச் சொல்லும். ஆனால் இயல்பான திக்கலும், பெற்றோல் மிகுந்த திக்கலும், கியர் ஒயில் நனைத்த பிளக்கின் திக்கலும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. காபரேட்டரைக் கழுவிப் பூட்டியதும் பல வண்டிகள் சரியாகிவிடுவதும் உண்மையே. கழுவுவதில் ஆட்சேபம் இல்லை. அடைபட்ட துளையைத் திறப்பது பழைய அளவை மீட்பதுதான். ஜெட்டை மாற்றுவது அளவையே மாற்றுவது. கராஜில் நேரமில்லை என்பதும் நியாயமான குறைதான். ஆயினும் சோக் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், அழுத்தச் சோதனை ஒரு பிற்பகலுக்குள் முடியும். பிடித்துப்போன பிஸ்டனுக்காகச் சிலிண்டரை போர் செய்து புதுப் பிஸ்டன் வாங்க அதைவிட நேரமும் பணமும் போகும்.

உயரத்துக்கென்று ஜெட்டைக் குறைத்தவர் இறக்கத்தையும் எண்ண வேண்டும். நுவரெலியாவுக்குப் பொருந்திய ஜெட்டோடு கண்டியைக் கடந்து, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக ‘பதினெட்டு வளைவு’ எனப்படும் பாதையில் இறங்கும் வண்டி, மகியங்கனையின் தாழ்நிலத்தை அடையும்போது காற்றுக் கூடிய கலவையில்தான் ஓடும். நீண்ட இறக்கத்தில் அக்ஸலரேட்டரை முழுதும் மூடி, எஞ்சின் பிரேக்கிலேயே இறங்கினால், சுழல்கிற க்ராங்குக்கு மசகு போதாமல் போகும். இடையிடையே சற்றுத் திறந்து கொடுக்க வேண்டும். எதை மாற்றினாலும், காபரேட்டரின் காற்று ஸ்க்ரூவைத் தொடும் முன் அது இறுகிய நிலையிலிருந்து எத்தனை சுற்றில் நின்றது என்பதையும், கழற்றும் ஜெட்டின் எண்ணையும் எழுதி வையுங்கள்.