‘டியூரேஷன்’ பிறந்த கதை

1981 டிசம்பர் 31. ஈப்போவை அடுத்த ஒரு ரப்பர் ஆலையில் இரவு பத்து மணிக்கு ஜாகா வேலைக்கு வந்தவர், காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரக் கணக்கில் எட்டு மணி நேரம். அவர் உண்மையில் கண்விழித்ததோ ஏழரை மணி நேரம்தான். சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியா அன்றிரவு 11.30ஐ 12.00 ஆக்கிவிட்டது. (ஈப்போவில் இன்றும் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணிவாக்கில்தான்.) இங்கே கடிகாரம் 1905, 1933, 1941 என முன்பே பலமுறை நகர்ந்திருக்கிறது, ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரமே நம் நேரம்.

அந்த இரவுக்கு ஒரு கணினி நிரல் சம்பளம் போட வேண்டுமானால்?

1996இல் வந்த ஜாவா நிரல்மொழியில் ஒரு தருணத்தைக் குறிக்க ‘டேட்’ என்ற வகுப்பு இருந்தது. கால அளவுக்கு எதுவுமில்லை, வெறும் எண்தான். 30 என்றால் நொடியா, மில்லி நொடியா என்பது எழுதியவருக்கு மட்டுமே வெளிச்சம். 32 பிட் எண்ணில் மில்லி நொடிகளைச் சேர்த்தால் 25 நாள் முடிவதற்குள் அது நிரம்பி எதிர்மறையாகிவிடும். முப்பது நாள் கெடு, கடந்த காலத்தில் போய் விழும்.

ஸ்டீஃபன் கோல்போர்ன் 2002இல் தொடங்கிய ஜோடா-டைம் என்ற ஜாவா நிரல் நூலகம், கால அளவைத் தனிப் பொருளாகவே வைத்தது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 2014 மார்ச்சில் ஜாவா 8உடன் வந்த ‘டியூரேஷன்’. உள்ளே இரண்டே எண்கள்: முழு நொடிகள், மிச்சமுள்ள நானோ நொடிகள். தசமப் புள்ளி எண்ணே இல்லாததால் கூட்டக் கூட்டச் சிறுபிழை சேர்வதில்லை. உருவான பின் அதன் மதிப்பை யாரும் மாற்றவும் முடியாது. கூட்டினால் புதிய பொருள்தான் கிடைக்கும். ஒருவர் கொடுத்த அளவு இன்னொருவர் கைபட்டு மாறாது என்ற இந்த உறுதியையே நான் அதன் பெரிய கொடையாகக் கருதுகிறேன். மாதம், வருடம் போன்ற நாள்காட்டிக் கணக்குக்கு ‘பீரியட்’ என்று வேறொரு வகுப்பு; மாதங்களின் நீளம் ஒன்றல்லவே.

நம் ஜாகாவுக்கு வருவோம். ஊர்ப் பெயர் சேராத வெறும் தேதியையும் மணியையும் கொடுத்தால் டியூரேஷன் எட்டு மணி நேரம் என்றே சொல்லும். அதே இரண்டையும் கோலாலம்பூர் நேர மண்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தால் ஏழரை என்று சொல்லும். 1981இன் அந்த இரவு உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கிறது.