படைக்கலம் யார் செய்தது?

வெள்ளகோவிலில் வரலாறு கற்பித்த காலத்தில், போர் நிகழ்ந்த ஆண்டுகளைக் கேட்டேனேயன்றி, படைக்கலம் யார் செய்தது என்று கேட்டேனில்லை. நம் படைக்கலத்தை நாமே வகுக்கும் பொருட்டு இந்திய அரசு 1958-ம் ஆண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. ஆவடியிலுள்ள அதன் ஆய்வகம் உருவாக்கிய அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் ஒப்புதல் கிடைத்தது. முதல் டாங்கிகள் படையைச் சேர்ந்தது 2004-ல். அவற்றின் இயந்திரமோ ஜெர்மனியுடையது.

முப்பது ஆண்டுகள் எல்லைக் காவலர் காத்திருக்க இயலுமா? ஆகவே 2001-ல் ருஷியாவிடம் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தமாயிற்று. வாங்குதல் இன்றைய தேவை; ஆராய்தல் நாளைய உரிமை. விற்பவன் மனம் மாறினால் உதிரிப் பாகமும் வாராது.

2018-ல் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம் கோவையும் இடம்பெற்றது. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கொங்கு மண்ணின் பிள்ளைகளே, அந்த இயந்திரத்தைச் செய்யப்போவது யார்?