கிங்குக்கு மேனேஜர் கிடையாது

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டிருந்த விஷயம் இது. பொட்டி தட்டுற மக்களுக்கு இதுல பாதி பழைய கதையா இருக்கலாம். மத்தவங்க பயப்படாம படிக்கலாம், பெரிய கணக்கு எதுவும் கிடையாது.

நான் எஸ்.க்யூ.எல். கத்துக்கிட்டது 2001-ல. இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டக் காசு இல்லாததால, சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுல அட்டை கிழிஞ்ச ஆரக்கிள் புத்தகம் ஒண்ணைப் பேரம் பேசி வாங்கினேன். வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. அதனால புத்தகத்துல இருந்த டேபிளை ஒரு நாற்பது பக்க நோட்டுல கோடு போட்டு எழுதிக்கிட்டு, குவெரிக்கு நானே விடை கண்டுபிடிச்சேன். அதாவது டேட்டாபேஸும் நானே, யூசரும் நானே!

அந்த டேபிள் பேரு எம்ப். மொத்தம் 14 பேர். ஸ்மித் 800 வாங்குற கிளார்க், கிங் 5000 வாங்குற பிரசிடென்ட். ஆரக்கிள் படிச்ச யாரைக் கேட்டாலும் இந்த 14 பேரையும் சொந்தக்காரங்க மாதிரி சொல்வாங்க. இந்த டேபிளைப் பார்க்க ஸ்காட்னு யூசர் பேரும் டைகர்னு பாஸ்வேர்டும் குடுத்து உள்ளே போகணும். ஸ்காட்ங்கிறது ஆரக்கிளோட ஆரம்ப கால ஊழியர்கள்ல ஒருத்தரான புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. உலகம் பூரா எத்தனை சர்வரை அந்தப் பூனை தொறந்து விட்டிருக்கோ!

இனி கொஞ்சம் பின்னாடி போவோம். 1970-க்கு முன்னாடி டேட்டாபேஸ்ல ஒரு தகவல் வேணும்னா, அது இருக்கிற இடத்துக்கு வழி தெரியணும். இந்த ரெக்கார்டுல ஆரம்பி, அது காட்டுற அடுத்த ரெக்கார்டுக்குப் போ, அங்கிருந்து கீழே இறங்குன்னு புரோகிராமர் ஒவ்வொரு அடியா எழுதணும். அந்த முறைக்கு முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973-ல டூரிங் விருது வாங்கினப்போ, புரோகிராமரை மாலுமின்னுதான் தன் உரையில சொன்னாரு. உள்ளே அடுக்கின விதத்தை மாத்தினா, எழுதின புரோகிராமெல்லாம் வழி தவறி நிக்கும்.

இதை மாத்தினவர் எட்கர் காட். இங்கிலாந்துக்காரர், ரெண்டாம் உலகப் போர்ல விமானம் ஓட்டினவர், அப்புறம் கலிஃபோர்னியா சான் ஹொசேவுல ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தார். எல்லாத் தகவலையும் வெறும் டேபிளா வை, என்ன வேணும்னு மட்டும் கேளு, எப்படி எடுக்கிறதுங்கிறது மெஷின் பாடுன்னு 1970 ஜூன்ல ஒரு கட்டுரை எழுதினார். ஐ.பி.எம். இதைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடலை. அவங்க கையில ஏற்கெனவே ஐ.எம்.எஸ்.னு ஒரு சரக்கு இருந்துச்சு, நிலவுக்குப் போன அப்போலோ திட்டத்துக்காக உருவானது. ஓடுற குதிரையை யாரு மாத்துவா?

காட் எழுதினது முழுக்கக் கணிதம். அதைச் சாதாரண மனுஷன் டைப் அடிக்கிற மாதிரி மாத்தினவங்க டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். முதல்ல ஸ்கொயர்னு ஒரு மொழி செஞ்சாங்க. அதுல எழுத்துக்குக் கீழே பொடி எழுத்து போடணும், கீபோர்டுல அடிக்க முடியாது. அதைத் தூக்கிப் போட்டுட்டு இங்கிலீஷ் வாக்கியம் மாதிரி ஒண்ணு செஞ்சாங்க, பேரு சீக்வெல். 1974 மே மாசம் அதை வெளியிட்டாங்க. அடுத்த சில வாரத்துலயே பாய்ஸ் மூளையில ரத்தக் குழாய் வெடிச்சு இறந்துட்டார். வீட்டுல கைக்குழந்தை. இந்த மொழி உலகம் பூரா பரவினதை அவர் பார்க்கவே இல்லை. பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்போ இதெல்லாம் எனக்குத் தெரியாது. எதோ வெள்ளைக்காரத் தாத்தான்னு நெனச்சிருந்தேன்.

சீக்வெல்ங்கிற பேரை ஒரு பிரிட்டிஷ் விமானக் கம்பெனி ஏற்கெனவே பதிவு பண்ணி வெச்சிருந்ததால அது எஸ்.க்யூ.எல். ஆச்சு. ஐ.பி.எம். வெளியிட்ட கட்டுரைகளைப் படிச்சே லாரி எலிசன் கூட்டம் 1979-ல ஆரக்கிளைச் சந்தைக்குக் கொண்டு வந்துடுச்சு. ஐ.பி.எம். தன் சொந்தச் சரக்கோட வந்தது 1981-ல. நம்மூர்ல சொல்ற மாதிரி, சமைச்சவன் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பக்கத்து இலை சாப்பிட்டு எழுந்துட்டான்.

சரி, தலைப்புக்கு வர்றேன். எம்ப் டேபிள்ல ஒவ்வொருத்தருக்கும் எதிர்ல அவரோட மேனேஜர் நம்பர் இருக்கும். கிங் பிரசிடென்ட், அவருக்கு மேல ஆளில்லை, அந்தக் கட்டம் காலி. அதுதான் நல். பூஜ்யமும் இல்லை, வெத்து எழுத்தும் இல்லை. மேனேஜரா இல்லாதவங்க யாருன்னு எண்ணினா விடை 8 பேர். என் நோட்டுல விரலை வெச்சு எண்ணினப்பவும் 8 தான் வந்துச்சு. ஆனா நாட் இன்னு போட்டு மெஷின்கிட்ட கேட்டா ஒருத்தர்கூட வரமாட்டாங்க! ஸ்மித் நம்பரும் அந்தக் காலிக் கட்டமும் வேற வேறயான்னு மெஷின் தன்னையே கேட்டுக்கும், தெரியலைன்னு பதில் வரும். தெரியாததை அது உள்ளே விடாது. 14 பேருக்கும் அதே கதி.

புத்தகத்துல இதுக்கு ஒரு பக்கம் இருந்துச்சு. நான் அதைத் தாண்டிப் போயிட்டேன். நோட்டுல சரியா வந்துடுச்சே!

முதல் வேலை ஒரு மொத்த வியாபாரியோட கடையில, பில் போடுற புரோகிராம். இந்த மாசம் சரக்கு எடுக்காத கடைகள் எவைன்னு ஒரு லிஸ்ட் கேட்டார் முதலாளி. நாட் இன் போட்டு எழுதினேன். லிஸ்ட் காலியா வந்துச்சு. "பரவாயில்லையே, ஒரு கடை விடாம எடுத்திருக்கானே"ன்னு சந்தோஷப்பட்டார். மூணு மாசம் இப்படியே போச்சு. லைனுக்குப் போற சேல்ஸ்மேன், எங்கப்பா வயசிருக்கும், "நாலு கடை நம்மகிட்ட எடுக்கவே இல்லைங்க, கொஞ்சம் தள்ளுபடி குடுத்தா திரும்பி வருவாங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். "கம்ப்யூட்டர் எல்லாரும் எடுத்தாங்கன்னு சொல்லுது, நீ என்னய்யா கதை விடுற?"ன்னு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினார். அவர் எங்கிட்ட வந்து, "தம்பி, ஒரு தரம் பாருங்களேன்"னார். கௌரவம் பார்த்து, "மெஷின் தப்பு பண்ணாதுங்கண்ணே"ன்னு அனுப்பிட்டேன்.

கல்லாவுல ரொக்கத்துக்குப் போட்ட பில்லுல கடை கோடு கிடையாது. அந்தக் கட்டமெல்லாம் நல். பழைய புத்தகத்தைத் திரும்ப எடுத்து அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ வயித்துல புளியைக் கரைச்சுது. நாலுல ரெண்டு கடை அதுக்குள்ள வேற ஏஜென்சிக்குப் போயிடுச்சு. முதலாளிகிட்ட என் தப்புதான்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு விட்டுட்டார். பெரியவர் சிரிக்கலை. "சரி தம்பி"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனார், அவ்வளவுதான்.

காட் இதை யோசிக்காம விடலை. 1985-ல எழுதின 12 விதிகள்ல மூணாவதே நல் பத்திதான். 1990-ல வந்த புத்தகத்துல இன்னும் ஒரு படி மேல போய், தெரியாம காலியா இருக்கிறது வேற, பொருந்தாததால காலியா இருக்கிறது வேற, ரெண்டுக்கும் தனித்தனிக் குறி வேணும்னார். கிங்குக்கு மேனேஜர் இருக்கவே முடியாது, அது ரெண்டாவது வகை. எங்க ரொக்க பில்லும் அதேதான். எஸ்.க்யூ.எல். செஞ்சவங்க ஒரே நல்லோட நிறுத்திக்கிட்டாங்க. காட்டோட நெருங்கிய கூட்டாளி கிறிஸ் டேட்டோ நல்லே வேண்டாம்னு கடைசி வரைக்கும் அவரோட சண்டை போட்டவர். என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, அந்தப் பெரியவர் முகம் ஞாபகம் வர்றப்பெல்லாம் டேட்டுக்குத்தான். ஆனா இன்னிக்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு நல்லோடதான் குடித்தனம் நடத்துறேன்.

பெர்க்லியில மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் செஞ்ச இங்க்ரஸ் கதை பாக்கி இருக்கு. ஏற்கெனவே நீளமாயிடுச்சு, அது அடுத்த பதிவுல.